தண்ணீரில் நின்ற மண்

1988 மார்ச் 9. கரிமம் 0.61. நின்றது 21.
1991 மார்ச் 13. கரிமம் 0.68. நின்றது 23.
1994 மார்ச் 9. கரிமம் 0.80. நின்றது 26.
1997 மார்ச் 12. கரிமம் 0.92. நின்றது 28.
2000 மார்ச் 8. கரிமம் 1.01. நின்றது 31.
2003 மார்ச் 12. கரிமம் 1.12. நின்றது 33.

இந்த ஆறு வரிகளும் ஒரே நிலத்தைப் பற்றியவை. பரப்பு ஒன்றே முக்கால் ஹெக்டேர். எல்லா நாளும் மார்ச் மாதத்து இரண்டாவது புதன்கிழமை. நூறு கிராம் மண்ணில் கரிமம் எத்தனை கிராம் என்பது முதல் எண். காய்ந்த மண்கட்டிகள் நூறு கிராமைச் சல்லடையில் இட்டு, தண்ணீரில் பத்து நிமிடம் ஆட்டியபின் கரையாமல் நின்றது எத்தனை கிராம் என்பது இரண்டாவது எண். முதல் எண்ணை மாடியில் இருந்த வேதியியல்காரர் எடுத்தார். இரண்டாவது எண்ணைக் கீழ்த்தளத்தில் ஒரு பெண்மணி எடுத்தார். இது அவருடைய கதை.

மண் ஆய்வு நிலையத்தில் அவருக்குச் சல்லடையம்மா என்று பெயர். 1973-இல் இருபத்தேழு வயதில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்கு வந்தார். இரண்டாவது வருடம், சல்லடை வேலை பார்த்தவர் முதுகுவலி என்று விலகிக்கொள்ள, இவரை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அதே அறை, அதே தொட்டி. திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்.

கழுவும் அறை பதினான்கு அடிக்குப் பதினொரு அடி. கிழக்கே மூன்று ஜன்னல்கள். நடுவில் துத்தநாகத் தகடு அடித்த நீள் தொட்டி. அதன்மேல் குறுக்காக ஒரு நெம்புகோல். ஒரு முனையில் சல்லடை தொங்கும், மறுமுனையில் மரப்பிடி. பிடியை அழுத்தினால் சல்லடை எழும்பும், விட்டால் அமிழும். நிமிடத்துக்கு முப்பது தடவை. பத்தாவது நிமிடம் சுவரிலிருக்கும் மணி அடிக்கும். பக்கத்து அறையில் நான் பதிவேடு எழுதினேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. அதன்வழியே பார்த்து, ஒவ்வொரு பெட்டி மண்ணும் தொட்டிக்குள் இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் நேர ஏட்டில் குறிப்பது என் வேலைகளில் ஒன்று. என்னை எல்லாரும் ரெஜிஸ்டர் என்பார்கள். சல்லடையம்மா மட்டும் ரெஜிஸ்டர் அண்ணே என்பார்.

காலையில் தொட்டித் தண்ணீரில் வெயில் விழுந்து, அது கூரைக்குத் தாவி, கூரை முழுக்க வெளிச்சம் அலைந்துகொண்டிருக்கும். சல்லடை எழும்போது அலை நெருங்கும், அமிழும்போது விரியும். அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றும். ஆட்ட ஆரம்பித்து மூன்றாம் நிமிடத்தில் சல்லடையம்மாவின் பார்வை மாறிவிடும். கை மட்டும் இங்கே இருக்கும். ஆள் எங்கேயோ போயிருப்பார். காய்ந்த கட்டிகளில் தண்ணீர் ஏறும்போது மழைவாசனை எழும். வெளியே வானம் வெளுத்துக் கிடக்க, அந்த அறைக்குள் மட்டும் வருடம் முழுவதும் முதல்மழை பெய்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு மண்கட்டிக்குள்ள எத்தனை ரூம் இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"எண்ணிப் பார்க்கலயே."

"நீங்க எண்ணாததுகூட ஒண்ணு இருக்கா? நேத்து கனவுல ஒரு கட்டிக்குள்ள போயிட்டேன். சுவரெல்லாம் ஈரம். மேலருந்து ஒரு வேர் தொங்குது, மாடிப்படிக் கைப்பிடி மாதிரி. அதைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினேன். அடி ரூம்ல யாரோ போர்த்திக்கிட்டுத் தூங்குறாங்க."

"யாரு?"

"கரிமம்தான். எழுப்ப மனசு வரல. கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

இதை நான் நிலையத் தலைவரிடம் சொன்னேன். அவர் மண்ணியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எல்லாருக்கும் வெறும் டாக்டர். "பாடப்புத்தகத்துல மூணு பக்கம் இழுத்திருக்கிறதை இந்தம்மா தூக்கத்துலயே சொல்லிட்டாங்களேய்யா," என்று சிரித்தார்.

உண்மையில் அவ்வளவுதான் விஷயம். செத்த வேரும் இலையும் மட்கி மண்ணில் கரிமம் ஆகிறது. மண்புழுவின் பசையும் பூஞ்சையின் நூலும் வேரின் மயிர்களும் மண்துகள்களைச் சேர்த்துப் பிடித்துக் கட்டியாக்குகின்றன. கட்டிக்குள் காற்றுப் படாத இடத்தில் கரிமம் கிடக்கிறது. ஏர் உள்ளே போனால் அறைகள் உடைகின்றன. காற்று நுழைகிறது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நுழைகின்றன, சேர்த்துவைத்ததைத் தின்று தீர்க்கின்றன. கரிமம் காற்றோடு போகிறது. பிடித்துக்கொள்ளப் பசை இல்லாத கட்டி, அடுத்த மழையில் மாவாகக் கரைகிறது.

சல்லடையம்மாவின் அப்பா தம் நிலத்தை நாற்பது வருடம், வருடத்துக்கு மூன்று தடவை உழுதார். அவருக்குப் பிறகு தம்பி டிராக்டர் வாங்கி இன்னும் ஆழமாக உழுதார். நிலம் அக்கா தம்பி இருவர் பெயரிலும் இருந்தது. கடைசியில் அரைமணி மழைக்கே மேல்மண் குழம்பி, காய்ந்ததும் ஓடுபோல இறுகிவிடும் நிலைக்கு வந்தது. 1987-இல் விதைத்தது முளைத்தபோது, குருத்துகள் அந்த இறுகிய மண்ணைத் தலையால் தூக்க முடியாமல் உள்ளேயே மடங்கிப்போயின. பெய்த தண்ணீர் அத்தனையும் கலங்கலாகச் சாலைக்கு ஓடியது.

"அப்பா போனப்பகூட நான் அவ்வளவு அழல அண்ணே," என்றார் சல்லடையம்மா. "அந்தத் தண்ணி ரோட்டுல போனதைப் பார்த்து அழுதேன். அது தண்ணி இல்ல, எங்க நிலம்."

அந்தச் சமயத்தில் நிலையம், உழுது களைத்த நிலங்களில் புல் விதைத்து அப்படியே விட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க நிலங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. பதினைந்து வருட ஒப்பந்தம். உழக் கூடாது, புல்லை வருடம் ஒருமுறை வெட்டலாம். அவர் ஒப்பந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் வந்து, நடந்த பேச்சை அப்படியே சொன்னார்.

"எல்லாரும் புல்லைப் புடுங்க ஆள் தேடுறாங்க. நீ விதைக்க ஆபீஸ் தேடுறியா அக்கா?"

"பதினஞ்சு வருஷம்தான்டா."

"பதினஞ்சு வருஷத்துல என் டிராக்டர் துருப்பிடிச்சு அதுவே மண்ணாயிடும். அதையும் சலிச்சுப் பாரு."

"அதுல கரிமம் இருக்காது."

தம்பி சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். எப்படியும் விளையாத நிலம், அதனால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. வாடகைக்கு மற்றவர் நிலங்களை உழுதுகொண்டிருந்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ஏழாவது பிரிவு ஒன்று உண்டு. 2003-ஆம் வருடச் சோதனையில் கரிமம் 1.00 தொட்டு, நின்ற கட்டிகள் 50 கிராமும் தொட்டால், நிலையம் மேலும் இருபத்தைந்து வருடத்துக்கு நிலத்தைப் புல்லாகவே வைத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நிலம் திரும்ப வரும். திரும்பி வந்தால் உழுவேன் என்று தம்பி அன்றே சொல்லிவிட்டார். சல்லடையம்மாவும் சரி என்றார். தம் வாழ்நாளில் அவர் எனக்குத் தெரிந்து ஆசைப்பட்டது இந்த ஒன்றுதான்: அந்த நிலத்தில் மறுபடி ஏர் இறங்கக் கூடாது.

சொந்த நிலத்து மண்ணை அவரே சலிப்பது சரியாகுமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு வழி இருந்தது. பன்னிரண்டு நிலங்கள், நிலத்துக்கு நான்கு பெட்டி, ஆக நாற்பத்தெட்டுப் பெட்டிகள். எந்தப் பெட்டியிலும் நிலத்தின் பெயர் இருக்காது. சீட்டுக் குலுக்கி எண் மட்டும் ஒட்டுவோம். எந்த எண் எந்த நிலம் என்ற ஏடு என் மேசையில் பூட்டியிருக்கும். கட்டிகளைத் தட்டில் கொட்டி, சல்லடையில் இட்டு, ஆட்டி, நின்றதை உலர்த்தி எடை எடுத்து எழுதிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது.

இந்த ஏற்பாட்டில் எங்களுக்குத் தோன்றாமல் போனது ஒன்று உண்டு. அந்த நிலத்து மூலையில் முன்னொரு காலத்தில் ஒரு செங்கல் கொட்டகை இருந்து இடிந்திருந்தது. நாற்பது வருட உழவு அந்தச் செங்கலைக் கடுகளவுத் துணுக்குகளாக நிலம் முழுக்கப் பரப்பியிருந்தது. நாற்பத்தெட்டுப் பெட்டிகளில் நான்கில் மட்டும் சிவப்புப் பொட்டுகள். தட்டில் கொட்டிய கணமே அவருக்குத் தெரிந்திருக்கும்.

வருடங்கள் போயின. நிலத்தில் புல் முழங்கால் உயரம் வந்தது. காற்றடித்தால் நிலமே மூச்சு விடுவதுபோல இருக்கும். மழை பெய்தால் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. சாலைக்கு ஒரு சொட்டு வரவில்லை. சல்லடையம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், வேலியோரத்தில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு நடப்பாராம். "கால் வெச்சா உள்வாங்குது அண்ணே, மெத்தை மாதிரி. யாரோ கீழ புரண்டு படுக்குற மாதிரி."

கரிமம் ஏறியது. 2000-இலேயே 1.01 ஆகிவிட்டது. கட்டிதான் நிற்கவில்லை.

2003 ஏப்ரல் 2 அன்று டாக்டர் என்னை மாடிக்குக் கூப்பிட்டு இரண்டு தாள்களைக் காட்டினார். ஒன்று இந்த நிலம். இன்னொன்று அதே வருடம் புல் போட்ட வேறொரு நிலம். அதில் கரிமம் 1.09, நின்றது 57.

"ரெஜிஸ்டர், இது தலைகீழா இருக்குய்யா. புல் போட்டா முதல்ல கட்டிதான் தேறும். கரிமம் பின்னாடி மெல்ல ஏறும். இங்க பாரு, குடித்தனம் வந்தாச்சு, வீடு இன்னும் கட்டல. எண் ஏதாவது மாத்தி எழுதிட்டியா?"

அப்படி எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எண் ஏட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு நேர ஏடுகளை இறக்கினேன். ஆறு சோதனை வருடங்கள், 288 பெட்டிகள். ஏறிய நேரத்திலிருந்து இறங்கிய நேரத்தைக் கழித்தேன். மூன்று நாள் ஆயிற்று. மற்ற பதினொரு நிலங்களின் பெட்டிகள் 264-உம் பத்து நிமிடம், ஒன்றிரண்டு பதினொன்று. இந்த நிலத்தின் பெட்டிகளுக்குச் சராசரி இப்படி வந்தது: 1988-இல் 10 நிமிடம், 1991-இல் 12, அப்புறம் 13, 14, 14. 2003-இல் 16.

பதினைந்து வருடமாக இந்த நேரங்களை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கழித்துப் பார்க்கவில்லை. அது என் தவறு.

மறுநாள் காலை கழுவும் அறைக்குப் போனேன். சல்லடையம்மா தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நாலு பெட்டி எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

தேய்ப்பதை நிறுத்தவில்லை. "செங்கல் பொட்டு சிவப்பா கிடக்குது. கண்ணைக் கட்டிக்கிட்டா அண்ணே சலிக்க முடியும்?"

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆளைப் போடுவாங்க. அவங்க இந்த மண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்வாங்களோ மாட்டாங்களோன்னு இருந்துச்சு."

"பார்த்துப் பார்த்துத்தான் செஞ்சிருக்கீங்க. இந்தத் தடவை பதினாறு நிமிஷம்."

தேய்ப்பானைக் கீழே வைத்தார். "பதினாறா?"

"நாலு பெட்டியும்."

முக்காலியில் உட்கார்ந்தார். கூரையில் வெளிச்சம் அலைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார். "ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ரெண்டு நிமிஷம் கூட இருக்கும்னு நினைச்சேன். மணி அடிக்கும். இப்ப நிறுத்தினா என் நிலத்துக்குச் சலுகை காட்டின மாதிரி ஆயிடுமோன்னு தோணும். சரி, இன்னும் நாலு ஆட்டு. யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது, இன்னும் நாலு ஆட்டு. அப்புறம் எனக்கு நேரமே தெரியறதில்ல அண்ணே. நான் தண்ணிக்குள்ள போயிடுவேன்."

"குறைச்சு ஆட்டினாலும் பொய்க் கணக்கு, கூட்டி ஆட்டினாலும் பொய்க் கணக்குத்தானே?"

"கூட்டினா யாருக்கு நஷ்டம்? எனக்குத்தானே."

வருடம் ஏற ஏற அவருடைய ஆசை ஏறியிருக்கிறது. ஆசை ஏற ஏறத் தம்மேல் சந்தேகமும் ஏறியிருக்கிறது. நேர ஏட்டில் இருந்தது அதன் அளவு. கையின் வேகம் எவ்வளவு கூடியிருக்கும் என்பதற்குப் பதிவு இல்லை.

"வாங்க, டாக்டர்கிட்ட நானே சொல்றேன்," என்று எழுந்தார். மாடிக்கு இருபத்திரண்டு படிகள். இருவரும் ஏறினோம்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. "சொந்தக்காரங்களுக்குத் தராசைச் சாய்ச்சவங்களை நிறையப் பார்த்திருக்கேன். தனக்கு எதிராவே சாய்ச்சது நீங்கதாம்மா," என்றார். பிறகு யோசித்தார். எல்லாப் பெட்டியிலும் மிச்ச மண் கிடங்கில் உண்டு. திரும்பச் சலிக்கலாம். ஆனால் வேறு கை சலித்தால், பதினைந்து வருட எண்களோடு அதை ஒப்பிட முடியாது. அதே கை வேண்டும்.

"அப்ப கண்ணைக் கட்டிடலாம்," என்றார்.

2003 ஜூன் 18, காலை பத்து மணி. தம்பியையும் சாட்சியாக வரவழைத்திருந்தார்கள். நிலத்தில் பாதி அவருடையதாயிற்றே. தகர டப்பாவில் குடிக்க வெந்நீர் கொண்டுவந்து, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அக்கா கேஸுக்கு அக்காவே ஜட்ஜு. அதுவும் கண்ணைக் கட்டிக்கிட்டு. நல்ல கோர்ட்டுதான்."

"பெட்டியை நீங்களே குலுக்கி எடுங்க," என்றார் டாக்டர்.

"மூக்கையும் அடைங்க டாக்டர். பக்கத்து வீட்ல என்ன சமையல்னு மாடியிலருந்தே சொல்லிடுவா."

டாக்டர் சிரிக்காமல் பஞ்சை எடுத்துக் கொடுத்தார். சல்லடையம்மா அதையும் வைத்துக்கொண்டார். வெள்ளைத் துண்டால் கண்ணைக் கட்டினோம். எட்டுப் பெட்டிகள். நான்கு அவர் நிலம். நான்கு, ஒப்பிடுவதற்காகப் புதிதாக எடுத்துவந்த, இன்னமும் உழப்படும் பக்கத்து நிலத்து மண். தம்பி குலுக்கி எடுக்க, வேதியியல்காரர் சல்லடையில் கொட்டினார். நான் கைக்கடிகாரத்தோடு பின்னால் நின்றேன். பத்தாவது நிமிடம் அவர் தோளைத் தொட வேண்டும். தொட்டதும் நிறுத்த வேண்டும்.

நெம்புகோல் முனகத் தொடங்கியது. துண்டின் மேல் தண்ணீரின் வெளிச்சம் நெளிந்தது. அவர் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ. தம்பி தொட்டிமேல் குனிந்து நின்றார். முதல் பெட்டியின் கட்டிகள் தண்ணீர் பட்டதுமே விளிம்பு தளர்ந்து, புகை கிளம்புவதுபோல மண் கிளம்பி, தொட்டிக்குள் பழுப்பு மேகம் ஒன்று மெல்லப் படர்ந்தது. மூன்றாம் நிமிடத்தில் சல்லடையில் மணலும் கூழும் தவிர ஒன்றும் இல்லை. இரண்டாவது பெட்டி இறங்கியது. அந்தக் கட்டிகள் ஆடின, உருண்டன, ஒன்றையொன்று உரசின. தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கட்டிகளிலிருந்து மெல்லிய வேர்நுனிகள் நீட்டிக்கொண்டு, எழும்போது ஒரு பக்கமும் அமிழும்போது மறுபக்கமும் சாய்ந்தன. குளத்தின் அடியில் ஒரு சிறிய புல்வெளி இருப்பதுபோல இருந்தது. பத்து நிமிடமும் தம்பி நிமிரவில்லை.

"முதல்ல கரைஞ்சுது பாருங்க, அது எந்த நிலம்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இப்பச் சொல்லக் கூடாது."

"நீங்க சொல்ல வேணாம். பக்கத்து நிலம். நான்தான் உழுறேன்," என்றார். பிறகு மதியம்வரை ஒரு கிண்டலும் செய்யவில்லை. டப்பா வெந்நீர் ஆறிப்போயிற்று.

உலர்த்தி எடை பார்த்தது மறுநாள். பக்கத்து நிலம் 20, 18, 19, 21. இந்த நிலம் 54, 57, 55, 58. சராசரி 56.

சல்லடையம்மா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நேரம் சரியா இருந்துச்சா அண்ணே?"

"எல்லாமே பத்து."

டாக்டர் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதி, இரண்டு எண்களையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். பதில் 2003 செப்டம்பர் 22 அன்று வந்தது. பதிவான சோதனை நாளில் எடுத்த எண்ணையே கணக்கில் கொள்ள முடியும். மறுசோதனையைச் செய்தவர் நிலத்தின் உரிமையாளர். ஆகவே ஏற்பதற்கில்லை. ஒப்பந்தம் டிசம்பர் 31-உடன் முடிகிறது.

டாக்டர் கோபத்தில் தாளை மேசையில் அடித்தார். சல்லடையம்மா மட்டும், "அவங்க சொல்றது சரிதானே டாக்டர். நானா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்," என்றார். அன்று மீதி இருந்த ஆறு பெட்டிகளையும் சலித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். எல்லாம் பத்து நிமிடம்.

ஜனவரி 2 அன்று நிலத்து வாயிற்கதவின் சாவியை அவரே கொண்டுபோய்த் தம்பி கையில் கொடுத்தார். தம்பி உழுவதற்கு வைத்த நாள் 2004 ஜனவரி 7, புதன்கிழமை. அளவுக்காக நிலையம் நட்டிருந்த பதினாறு முளைக்கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வர என்னை அனுப்பினார்கள். சல்லடையம்மா வரவில்லை. விடுப்பும் எடுக்கவில்லை.

பனி இன்னும் விலகவில்லை. புல்லின் தலைகள் மட்டும் தெரிந்தன. டிராக்டரின் சத்தம் முதலில் வந்தது, பிறகுதான் டிராக்டர் வந்தது. தம்பி கிழக்கு ஓரத்தில் கொழுவை இறக்கினார். பதினைந்து வருடப் புல் கிழிந்து, வேர்கள் பட்பட்டென்று அறுந்து, கருத்த மண் ஒரு பக்கமாகப் புரண்டது. 118 மீட்டர், வேலிவரை ஒரே சால். திரும்பும் இடத்தில் கொழுவைத் தூக்கினார். மறுபடி இறக்கவில்லை. எஞ்சினை அணைக்காமல் இறங்கி வந்து, சாலில் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். குடிக்க வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, டிராக்டரின் சக்கர மூடிமேல் வைத்தார். எஞ்சின் துடிப்பில் டம்ளர்த் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. பனிக்குள் நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நிக்குது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பத்து நிமிஷம் ஆச்சா?"

"ஏழு."

"ஆகட்டும்."

பத்தும் ஆயிற்று. கட்டி அப்படியே இருந்தது.

"அக்கா ஏன் வரல?"

"வேலை இருக்குன்னாங்க."

"மறிக்க வருவான்னு பார்த்தேன். நாலு திட்டு திட்டுவா, நானும் நாலு திட்டு திட்டிட்டு உழுதுட்டுப் போயிடலாம்னு இருந்தேன். சாவியைக் கையில குடுத்துட்டு ஆபீஸுக்குப் போனா மனுஷன் எப்படி சார் உழுறது?" டம்ளரைக் கையில் எடுத்தார். "தன் மண்ணைத் தானே பதினாறு நிமிஷம் ஆட்டினா. நானும் சேர்ந்து ஆட்டணுமா?"

நான் அதற்குள் பதினொரு முளைகளைப் பிடுங்கியிருந்தேன். அவர் அந்தக் கட்டைச் சுமையைப் பார்த்தார்.

"அதையெல்லாம் எடுத்த குழியிலயே நட்டுடுங்க. குழி எதுன்னு தெரியும்ல? உங்களுக்கா தெரியாது."

அன்று இரவு சாப்பிடும்போது அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதைச் சல்லடையம்மா மறுநாள் சொன்னார்.

"ஒரு சால் ஓட்டிட்டியாமே."

"ஆமா. என் பங்குக்கு."

"அதுல எவ்வளவு கரிமம் போச்சு தெரியுமாடா?"

"உன் ரெஜிஸ்டர் அண்ணனைக் கேளு. கிராம் கணக்கா சொல்வாரு."

தம்பி தலைமை அலுவலகத்துக்குத் தம் பெயரில் எழுதினார். புது ஒப்பந்தம் வேண்டும். மண்ணை வேறு நிலையத்து ஆட்கள் எடுத்து, வேறு நிலையத்தில் சலிக்க வேண்டும். அக்கா கையே படக் கூடாது, அவள் கை பட்டால் எண் குறையும். இந்தக் கடைசி வரியை அடித்துவிடச் சொல்லி டாக்டர் எவ்வளவோ கேட்டும் அவர் அடிக்கவில்லை. ஜனவரி 27 அன்று கடிதம் கிடைத்ததாக ஒரு அட்டை வந்தது. பிப்ரவரி 19 அன்று இருவர் கையெழுத்தும் கேட்டு ஒரு தாள் வந்தது. மார்ச் 10 அன்று தெரியாத இருவர் வந்து நான்கு பெட்டி மண் எடுத்துப் போனார்கள். அன்று சல்லடையம்மா வேலியோரத்தில் செருப்பில்லாமல் நின்று, அவர்கள் வண்டி கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தம் மண் எங்கோ தெரியாத ஊரில், தெரியாத தண்ணீரில், தெரியாத கையில் ஆடப்போவதை நினைத்தால் தூக்கமே வரவில்லை என்றார். ஜூன் மாதத்தோடு அவருக்கு ஓய்வு.

கடைசிக் கடிதம் ஒரு பக்கம்தான். கரிமம் 1.14. நின்றது 59. இருபத்தைந்து வருடத்துக்கு நிலம் புல்லாகவே இருக்கும். உழுத ஒரு சாலில் மறுபடி புல் விதைக்க வேண்டும். உறையைப் பிரிக்குமுன் வரவுப் பதிவேட்டில் ஏற்றினேன். எண் 311. வந்த நாள் 2004 ஜூன் 16.